பழைய பிளானில் முதல் விமானம்: டாம்பாயா, ஜூனியர் 60-ஆ, லான்சோ பாம்பரா?

ரேடியோவால் இயங்கும் ஃபோம் மாடல் விமானம் ஒன்றிரண்டை ஓட்டிப் பழகியாயிற்று. வாலில் இருந்து இடவலம் திருப்பும் ரடரும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் கைக்கு வந்துவிட்டன. இப்போது பழைய பிளான் ஒன்றை, அதாவது அந்தக் காலத்துக் கட்டுமான வரைபடத்தை எடுத்து, பால்சா என்ற இலேசான மரத்தை நாமே வெட்டி, ஒட்டி, உறை போர்த்தி, ரேடியோ பொருத்திப் பறக்கவிட வேண்டும் என்று ஆசை. இந்த ஆசையோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிளானை எடுப்பது? கேட்க ஒரு கேள்விபோல இருந்தாலும் அதற்குள் நான்கு தீர்மானங்கள் ஒளிந்திருக்கின்றன. எந்த விமானம், பிளானிலிருந்தா பாகங்கள் பெட்டியில் வரும் கிட்டிலிருந்தா, மோட்டாரா எஞ்சினா, எதைப் போர்த்துவது. தனித்தனியாக யோசித்தால் தலை சுற்றும். நான் நான்கையும் எடையை வைத்தே பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போது முக்கால்வாசிக் குழப்பம் விலகிவிடுகிறது.

முதலில் இந்த விமானங்களின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். இவை வரையப்பட்ட காலத்தில் ரேடியோ அபூர்வமான பொருள். அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937இல் கஃப் என்ற மாடலை ரேடியோவால் இயக்கிப் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற பெரும்பாலோருக்கு அந்த வசதி கிடையாது. எஞ்சினுக்கு அளந்து எரிபொருள் ஊற்றுவார்கள், விமானத்தைக் கையிலிருந்து விடுவார்கள், அது இறங்கும் திசையில் ஓடுவார்கள். வானத்தில் யாரும் உதவிக்கு இல்லாத நிலையில் விமானம் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இறக்கைகள் V வடிவத்தில் அவ்வளவு மேல்நோக்கி வளைந்திருக்கின்றன, வால் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதில் ரடரும் எலிவேட்டரும் பொருத்தி ரேடியோ கொடுத்தால், நாம் ஓட்டுகிறோம் என்பதைவிட அவ்வப்போது அதனிடம் திசை சொல்கிறோம் என்பதுதான் சரி. இறக்கையைச் சாய்க்க அதன் பின்விளிம்பில் வைக்கும் ஐலரான் தேவையே இல்லை. ரடரைத் திருப்பினால் போதும், V வளைவு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இந்த நிதானம் எல்லாம் விமானம் இலேசாக இருக்கும்வரைதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 இன்ச் நீளம், 10 இன்ச் அகலம் உள்ள ஒரு செவ்வக இறக்கை. பரப்பு 600 சதுர இன்ச், அதாவது சுமார் 38.7 சதுர டெசிமீட்டர். மொத்த விமானமும் 1,100 கிராம் என்றால் ஒரு சதுர டெசிமீட்டர் தாங்குவது 28 கிராம். அதையே கவனமில்லாமல் கட்டி 1,500 கிராமுக்குக் கொண்டுபோனால் 39 கிராம். விமானம் காற்றில் நிற்கத் தேவையான மிகக் குறைந்த வேகம் முதலாவதுக்கு மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர், இரண்டாவதுக்கு 27. நாலு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அந்த வேகத்தில் மூக்கு தரையில் குத்தினால் இரண்டாவது விமானத்தில் உள்ள ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதலாவது புல்லில் விழுந்து ரப்பர் பேண்ட் கழன்று கிடக்கும். இரண்டாவதில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும்.

மூன்று பிளான்கள்

நூற்றுக்கணக்கான பிளான்கள் கிடைக்கின்றன. நான் கட்டிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் மூன்று விதம், அதனால் மற்றவற்றையும் இவற்றோடு ஒப்பிட்டு எடைபோடலாம்.

டாம்பாய், இங்கிலாந்தைச் சேர்ந்த விக் ஸ்மீட் 1950இல் வரைந்தது. 36 இன்ச் இறக்கை. 0.75 சிசி மில்ஸ் டீசல் போன்ற சின்ன எஞ்சினுக்கு ஏற்ற அளவு. பார்த்ததுமே பிடித்துப்போகும் முகம் அதற்கு. மரம் கொஞ்சம்தான் வேண்டும், மேசையின் ஒரு மூலை போதும், முழுதாகக் கட்டிய பிறகும் காரின் பின்சீட்டில் படுக்கவைக்கலாம். இவ்வளவும் நல்ல விஷயங்கள். இதனாலேயே பலர் முதல் விமானமாக இதை எடுக்கிறார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். சின்ன விமானத்தில் ஒவ்வொரு தவறுக்கும் எடை அதிகம். பெரிய விமானத்தில் 30 கிராம் கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. டாம்பாயில் அது பறக்கும் விதத்தையே மாற்றிவிடும். ரடரையும் எலிவேட்டரையும் அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் 5, 6 கிராமுக்குள் இருக்க வேண்டும், பேட்டரி 2 செல் போதும், ஒயரைக்கூட அளந்து வெட்ட வேண்டும். லேசான காற்று அடித்தாலே அது ஒரே இடத்தில் நின்று தலையாட்டும். பசையைத் தாராளமாக வைக்கும் பழக்கம் போன பிறகு கட்ட வேண்டிய விமானம் இது. இரண்டாவதாகக் கட்டினால் அதைவிட இனிமையான விமானம் கிடையாது.

டாம்பாயைப் பெரிதாக்கிக் கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டலாம், பலர் கட்டியும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பிளானை 1.5 மடங்கு பெரிதாக்கினால் இறக்கைப் பரப்பு 2.25 மடங்குதான் ஆகும். ஆனால் எல்லாக் குச்சிகளையும் அதே விகிதத்தில் தடிமனாக்கினால் மரத்தின் அளவு 3.4 மடங்காகிவிடும். அதனால் எந்தக் குச்சியைப் பெரிதாக்குவது, எதை அப்படியே விடுவது என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டிவரும். அது முதல் விமானத்தில் செய்கிற வேலை இல்லை.

லான்சோ பாம்பர் இதற்கு நேர் மறுமுனை. செஸ்டர் லான்சோ 1938இல் வடிவமைத்த இந்த விமானத்துக்கு இறக்கை 8 அடி. நீள்வட்ட வடிவம். மாலை வெயிலில் உறையினூடே ரிப்புகள், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள், தெரிய அது தலைக்கு மேலே மெதுவாகப் போகும்போது கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். மோட்டாரை நிறுத்திவிட்டால் இறங்க மனமில்லாமல் மிதக்கும். வெப்பக் காற்று மேலெழும் நாளில் அதைக் கீழே கொண்டுவருவதுதான் வேலையே. ஆனால் நீள்வட்ட இறக்கை என்றால் நடுவிலிருந்து நுனிவரை ஒரு ரிப் போல இன்னொரு ரிப் இருக்காது. விளிம்புகளை வளைவாகத் துண்டு துண்டாக ஒட்டிச் செதுக்க வேண்டும். 8 அடி இறக்கையைக் கட்ட முறுக்கில்லாத நீளமான பலகை வேண்டும், வைக்க இடம் வேண்டும், கொண்டுபோக வண்டி வேண்டும். நான் இதை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் மூன்று மாதம் தொடவே இல்லை. முதல் விமானமாக இருந்திருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

மிஞ்சுவது ஜூனியர் 60. ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வடிவமைத்து, இங்கிலாந்தின் கீல்க்ராஃப்ட் நிறுவனம் 1946இல் கிட்டாகக் கொண்டுவந்தது. பெயரிலேயே அளவு இருக்கிறது, 60 இன்ச். உடல் கிட்டத்தட்ட ஒரு பெட்டி. இறக்கையின் அகலம் நுனிக்கு அருகில் வரும்வரை மாறாது, அதனால் ரிப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. கேபின் விசாலமாக இருப்பதால் ரிசீவர், சர்வோ, பேட்டரி எல்லாவற்றையும் வைத்து எடுக்க விரல் நுழையும். ஓரளவு காற்றையும் தாங்கும். பாம்பர் அளவுக்கு மயக்கும் அழகு இதற்கு இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தச் சதுர முகத்தில் ஒரு நேர்மை தெரிகிறது. முதல் விமானம் இதுவாக இருக்கட்டும்.

இதே பிளான் கையில் இல்லை, வேறொன்றுதான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. பெட்டி உடல், அகலம் மாறாத இறக்கை, 50 முதல் 70 இன்ச் நீளம், இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டுகிற அமைப்பு. இந்த நான்கும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நுனி தரையில் பட்டால் இறக்கை நகர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். திருகாணியால் இறுக்கியிருந்தால் அந்த அதிர்ச்சி நேரே மரத்துக்குப் போகும்.

பிளானிலிருந்தா, கிட்டிலிருந்தா

இங்கே மூன்று வழி இருக்கிறது. முழு கிட் வாங்கினால் எல்லா மரமும் வெட்டிய பாகங்களும் கம்பியும் பெட்டிக்குள் வந்துவிடும். ஷார்ட் கிட் என்றால் ரிப், உடலின் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர், வளைந்த நுனிகள் போன்று வெட்டுவதற்குக் கடினமானவை மட்டும் லேசரில் வெட்டி வரும். நீளக் குச்சிகளும் ஷீட்டும் நாம் வாங்க வேண்டும். மூன்றாவது, பிளான் மட்டும். மீதி எல்லாம் நம் கத்தியும் நம் கையும்.

நேரத்தைப் பார்த்தால் முழு கிட்டுக்கு ஈடில்லை. கிட்டில் எனக்கு ஒரே குறை, மரத்தைத் தேர்ந்தெடுப்பது நான் இல்லை. பால்சாவில் அது பெரிய விஷயம். பால்சா என்பது ஒரே மரம் என்றாலும் அதன் அடர்த்தி ஷீட்டுக்கு ஷீட் மாறும். கன அடிக்கு 5 பவுண்டுக்கும் வரும், 15 பவுண்டுக்கும் வரும். 1/16 இன்ச் தடிமன், 3 இன்ச் அகலம், 36 இன்ச் நீளம் உள்ள ஷீட் ஒன்று 6 பவுண்டு அடர்த்தியில் 10.6 கிராம் இருக்கும். 10 பவுண்டு அடர்த்தியில் 17.7 கிராம். கடையில் இரண்டும் ஒரே அடுக்கில், ஒரே விலையில் இருக்கும். ஒரு விமானத்துக்கு இருபது ஷீட் வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

என் முதல் விமானத்தில் இது எனக்குத் தெரியாது. வலுவாக இருக்கட்டும் என்று நினைத்து, கைக்குக் கெட்டியாகப்பட்ட பால்சாவையே எல்லா இடத்துக்கும் எடுத்தேன். வாலுக்கும் அதையே போட்டேன். எல்லாம் முடிந்து, இறக்கைக்குக் கீழே இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தால் விமானம் வால் பக்கம் சாய்ந்தது. மூக்கில் ஈயம் வைத்தேன், போதவில்லை. இன்னும் வைத்தேன். 120 கிராம் வைத்த பிறகுதான் நேராக நின்றது. பழைய விமானங்களில் வால் நீளம், மூக்கு குட்டை. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டிவரும். அந்த 120 கிராம் ஈயமும் வாலில் நான் சரியாகத் தேர்ந்தெடுக்காத 40 கிராம் மரத்துக்குக் கொடுத்த விலை.

இப்போது நான் செய்வது இதுதான். சின்னத் தராசு ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு ஷீட்டையும் நிறுத்து, ஓரத்தில் பென்சிலால் எடையை எழுதிவிடுகிறேன். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்து இழையைப் பார்க்கிறேன். நீளமான கோடுகள் மட்டும் ஓடினால் அது ஏ இழை. அகலவாக்கில் வளைத்தால் காகிதம்போல வளையும், முன்விளிம்பைச் சுற்றி மூட அதுதான் வேண்டும். குறுக்கே மீன் செதில்போல மினுமினுக்கும் புள்ளிகள் தெரிந்தால் அது சி இழை. வளைக்கப் பார்த்தால் வளையாது, பிளந்துவிடும். ரிப் வெட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. வாலுக்கு இருப்பதிலேயே இலேசானதை எடுத்துத் தனியாக வைக்கிறேன். உடலின் நான்கு மூலைகளிலும் ஓடும் லாங்கரான்களுக்குக் கெட்டியான ஒரே ஷீட்டிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நான்கு குச்சிகள் கிழிக்கிறேன். வெவ்வேறு ஷீட்டிலிருந்து எடுத்தால் ஒன்று அதிகம் வளையும், இன்னொன்று குறைவாக வளையும். வாலருகே இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒட்டும்போது உடல் வாழைப்பழம்போல ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இந்தத் தேர்வு முழு கிட்டில் நம் கையில் இல்லை. ஷார்ட் கிட்டில் பாதி இருக்கிறது. லாங்கரான், இறக்கையின் நீளவாக்கில் ஓடும் ஸ்பார், வால் குச்சிகள் எல்லாம் நாம் வாங்குவதுதான். அதனால் ஒரே ஒருமுறை கட்டிப் பார்க்க நினைப்பவருக்கும், வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவருக்கும் நான் ஷார்ட் கிட்டைத் தயங்காமல் சொல்வேன். பாம்பர் போன்ற நீள்வட்ட இறக்கைக்கும் அதுவே. ஆனால் ஜூனியர் 60 போன்ற இறக்கைக்கு லேசர் தேவையில்லை என்பது என் கட்சி.

ரிப் வெட்டுவதைச் சொல்கிறேன், கேட்டால் பயம் போய்விடும். 1.5 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ரிப்பின் வடிவத்தை இரண்டு அச்சாக வெட்டி, அரத்தால் ராவிக் கச்சிதமாக்க வேண்டும். ரிப்புக்கு எடுத்துவைத்த சி இழை ஷீட்டிலிருந்து அச்சைவிடக் கொஞ்சம் பெரிதாகத் துண்டுகள் வெட்டி, எல்லாவற்றையும் அடுக்கி, இரண்டு பக்கமும் ப்ளைவுட் அச்சை வைத்து, இரண்டு நீள போல்ட் செருகி, நட்டு மாட்டி இறுக்க வேண்டும். இப்போது கையில் ஒரு கட்டை ரொட்டிபோல இருக்கும். அதிகமாக நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் அச்சு தட்டுப்படும்வரை தேய்த்தால் போதும். ஸ்பார் உட்காரும் பள்ளத்தையும் அந்த நிலையிலேயே ரம்பத்தால் ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம். நட்டைக் கழற்றும்போது இருபது ரிப்பும் ஒன்றுபோல விரியும். ஒரு சாயங்கால வேலை. அந்த மரத்தூள் வாசனைக்காகவே நான் இதை லேசருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

பிளானை அச்செடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளானில் அளவு எழுதிய ஏதாவது ஒரு நீளத்தை ஸ்கேலால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பாருங்கள். பழைய காகிதத்தை ஸ்கேன் செய்து, மறுபடி அச்செடுத்து வரும்போது ஒரு திசையில் மட்டும் ஒரு சதவீதம் நீண்டிருப்பது சகஜம். மொத்தமும் கொஞ்சம் பெரிதானால் கேடில்லை. ஒரு திசையில் மட்டும் நீண்டால் ஒரு மூலையில் வரைந்த ரிப் இன்னொரு மூலையில் வரைந்த இறக்கையில் உட்காராது.

மோட்டாரா, டீசலா

டீசல் எஞ்சினை நான் நேசிக்கிறேன். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள், ப்ளக் கிடையாது, மேலே உள்ள திருகைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, விரலால் ப்ரொப்பெல்லரைச் சுண்டிக் கிளப்ப வேண்டும். பிடித்துக்கொண்ட கணத்தில் வரும் அந்த ஈதர் வாசனை சட்டையில் இரண்டு நாள் இருக்கும். 1950இன் விமானம் 1950இன் சத்தத்தோடு பறப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை, அதை மறுக்க மாட்டேன்.

இருந்தாலும் முதல் விமானத்துக்கு மின்மோட்டார். காரணம் சத்தமோ அழுக்கோ இல்லை. புது விமானத்தைச் சீர்ப்படுத்தும் நாளில் பத்துமுறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். வேண்டும்போது மோட்டாரை நிறுத்தி, விமானம் மிதப்பதைப் பார்த்து, மறுபடி மோட்டாரைப் போட்டு ஏற்ற வேண்டும். நிறுத்திய மோட்டாரை வானத்திலேயே மறுபடி கிளப்புவது சின்ன டீசலில் நடக்காது. 

சக்தி எவ்வளவு வேண்டும்? பலரும் இங்கேதான் அளவு மீறுகிறார்கள். இந்த விமானங்களுக்கு ஒரு கிலோவுக்கு 110 வாட் தாராளம். 1.2 கிலோ விமானத்துக்கு 130 வாட். 3 செல் லிப்போவில், அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியில், அது 12 ஆம்பியர்தான். 2200 எம்ஏஎச் பேட்டரி முழு வேகத்திலேயே 11 நிமிடம் தரும். அரை நிமிடம் ஏறி, நிறுத்தி, மிதந்து என்று ஓட்டினால் அரை மணி நேரம் சாதாரணமாக வரும். அதிக சக்தி போட்டால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேயே போகப் பார்க்கும். 11 அல்லது 12 இன்ச் விட்டமுள்ள பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றவிடுங்கள். பார்க்கவும் அதுதான் பழைய விமானத்துக்கு அழகு.

மோட்டார் பழைய எஞ்சினைவிட இலேசு, அதனால் மூக்கு மறுபடி எடை கேட்கும். அதற்குப் பதில் பேட்டரியை மோட்டாருக்கு ஒட்டிப் பின்னால், போக முடிந்த அளவு முன்னே தள்ளி வையுங்கள். ஈயத்துக்குப் பதில் பேட்டரியே அந்த வேலையைச் செய்யும். பேட்டரி போய்வர ஒரு கதவு வேண்டும். அதை உடலின் பக்கங்களை ஒட்டுவதற்கு முன்பே பிளானில் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பிறகு வெட்டினால் லாங்கரானில்தான் கத்தி படும்.

எதைப் போர்த்துவது

உறை விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 60 இன்ச் விமானத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர் உறை வேண்டும். இஸ்திரி போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் சுமார் 80 கிராம் ஆகும். இஸ்திரித் துணி அதைவிட 30, 40 கிராம் கூடும். டிஷ்யூ காகிதத்தை ஒட்டி, காய்ந்து இறுக்கும் வார்னிஷ் போன்ற டோப் பூசினால் 50 கிராமுக்குள் முடிக்கலாம். டிஷ்யூவின் ஒளி ஊடுருவும் அழகும், காய்ந்ததும் விரலால் தட்டினால் வரும் மேளச் சத்தமும் வேறு எதிலும் இல்லை. ஆனால் ஒரு புல் குத்தினால் ஓட்டை. டோப் சுருங்கும்போது இலேசான வால் பலகையை முறுக்கிவிடும். காயும்வரை பலகையில் ஊசி குத்தி வைக்க வேண்டும். டோப்பின் ஆவி அறைக்குள் ஆகாது, வாசலில் வைத்துத்தான் பூச வேண்டும்.

என் பரிந்துரை: இறக்கைக்கும் வாலுக்கும் ஃபிலிம், உடலுக்குத் துணி. ஃபிலிமில் முறுக்கு விழுந்தால் கையால் எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து மறுபடி சூடு காட்டினால் நேராகிவிடும். உடல்தான் கையில் பிடித்து வீசும் இடம், தரையில் உரசும் இடம். அங்கே துணியின் கூடுதல் எடை வீண் போகாது. டிஷ்யூவை டாம்பாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளானில் மாற்ற வேண்டியது

பழைய பிளான்களில் பலவற்றில் ரடரும் எலிவேட்டரும் அசையாத பலகைகள். அசையும்படி வெட்டுவது சுலபம். வால் பலகையின் பின்பகுதியில் நாலில் ஒரு பங்கை எலிவேட்டராக்கினால் போதும். வெட்டிய இடத்தின் இரண்டு ஓரத்திலும் ஒரு குச்சி சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வால் தொளதொளத்துவிடும். சர்வோவை வாலில் வைக்கலாம் என்று ஆசை வரும். கேபினிலேயே வையுங்கள். அந்த ஒரு கிராமுக்கு மூன்று கிராம் கணக்கு இங்கேயும் உண்டு.

ஈர்ப்பு மையம் குறித்து மட்டும் பிளானை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் வாலும் இறக்கைபோலத் தூக்கும் வடிவத்தில் இருந்ததால் ஈர்ப்பு மையத்தை இறக்கை அகலத்தின் பாதியில், சிலவற்றில் அதற்கும் பின்னால் குறித்திருப்பார்கள். தானே பறப்பதற்கு அது சரி. எலிவேட்டர் வைத்து ஓட்டும்போது அங்கே இருந்தால் விமானம் தொட்டதற்கெல்லாம் துள்ளும். முதல் பறத்தலுக்கு முன்விளிம்பிலிருந்து 35 முதல் 40 சதவீதத்தில் வையுங்கள். 10 இன்ச் இறக்கையில் மூன்றரை முதல் நாலு இன்ச். பிறகு பறந்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளலாம்.

முதல் நாள் காற்றில்லாத காலையோ சாயங்காலமோ பாருங்கள். அங்கே பறக்கவிட அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டு, ஆளில்லாத புல்வெளிக்குப் போங்கள். ரேடியோவின் தூரச் சோதனையைச் செய்துவிட்டு, மோட்டார் இல்லாமல் தோள் உயரத்திலிருந்து எதிர்க்காற்றில் நேராகத் தள்ளிவிடுங்கள். மூக்கை உயர்த்தி வீச வேண்டாம். கொஞ்சம் தரையைப் பார்த்தே போகட்டும். நேராக மிதந்து போய் உட்கார்ந்தால் அடுத்து மோட்டார்.

மோட்டார் போட்டதும் விமானம் மூக்கைத் தூக்கினால் பதற்றப்பட வேண்டாம், பழைய பிளான்களில் இது சாதாரணம். மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் அமைதியாக மிதந்தால் இறக்கையிலும் எடையிலும் கை வைக்காதீர்கள். மோட்டாரின் மேல் திருகாணிகள் இரண்டுக்கும் பின்னால் ஒவ்வொரு வாஷர் சேர்த்து அதன் மூக்கைக் கீழே சாயுங்கள். நிறுத்திய பிறகும் அலைபோல ஏறி இறங்கிக்கொண்டே வந்தால் கோளாறு இறக்கையின் கோணத்தில். 1/16 இன்ச் பால்சாத் துண்டு ஒன்றை இறக்கையின் பின்விளிம்புக்கு அடியில் செருகி, ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டு, மறுபடி ஏற்றிப் பாருங்கள். இதற்காகத்தான் நான் எப்போதும் சட்டைப் பையில் நாலைந்து வாஷரும், விரல் நீளத்துக்கு வெட்டிய பால்சாத் துண்டுகளும் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.